ஓய்வு நேரம் என்னும் பொய்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 31:10-31



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வந்தால் நம் ஆலயங்களில் நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் வாசிக்கப்படும். தாய்மார் எழுந்து நிற்பார்கள். வாலிபர்கள் ஆளுக்கொரு ரோஜாவையோ எவர்சில்வர் டப்பாவையோ கொடுத்துக்கொண்டு வருவார்கள். பிரசங்கியார் இரவிலும் அணையாத அந்த ஸ்திரீயின் விளக்கைக் குறித்து உருக்கமாகப் பேசுவார். ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், எழுந்து நின்ற அதே தாய் அடுப்படிக்குப் போவாள். ரோஜா கொடுத்த மகன் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பான். அந்த அதிகாரத்தை நாம் வாசிக்கிற விதத்திலும், அதைக் கேட்டபின் வாழ்கிற விதத்திலும் ஒரு பொய் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. இவ்வாரம் அதைப் பெயர் சொல்லி எதிர்க்கவே எழுதுகிறேன். அதன் பெயர் ‘ஓய்வு நேரம்’.

நம் சபைத் தாய்மாரில் பலர் வீட்டிலிருந்தபடியே ஏதேனும் ஒரு தொழில் செய்வதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார். ஒருவர் ரவிக்கை தைத்து ஆரி வேலை செய்து கொடுக்கிறார். பீங்கான் தொழிற்பேட்டையில் வெள்ளைப் பொம்மைகளை மொத்தமாக வாங்கி, வீட்டில் வர்ணம் தீட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்களைப் பற்றிக் கேட்டால் கணவன்மார் ஒரே குரலில் சொல்வது: “ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள், ஐயா.” கேட்கிறவர் தலையசைக்கிறார். வருத்தம் என்னவென்றால், அந்தத் தாயும் அதே வார்த்தையைச் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

எந்த ஓய்வு நேரம்? மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். அப்படிப்பட்ட வேலையைச் செய்ததாகச் சொன்ன ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். மற்றவர்கள் அன்றைய தினம் வீட்டு வேலையின் பக்கமே போகவில்லை. 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது! மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்த பயனை இருபாலாரும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டோம் போலும். பிள்ளைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற நேரம் இக்கணக்கில் இல்லை, அது தனி.

ஆகவே, ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்த ஒருத்தி, பிள்ளைகள் உறங்கியபின் இரவு பத்து மணிக்குத் தூரிகையை எடுப்பது அவளுடைய உறக்கத்திலிருந்து வெட்டி எடுத்த நேரம். அதற்கு ‘ஓய்வு’ என்று பெயரிடுவது, ஒருவன் தன் இரத்தத்தைக் கொடுக்கும்போது அதைத் தண்ணீர் என்று சொல்வதற்குச் சமம்.

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களானால், விலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நம் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது களிமண்ணும் வெளிவந்தது; அதனால் பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் ஊராயிற்று; தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் வந்தன. ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உள்ளே தோல்போல ஒரு படிவம் கட்டுகிறது. மிச்சக் கூழை வடித்து, அச்சைப் பிரித்து, உருவை எடுத்துக் காயவைத்து, அச்சின் இணைப்புத் தடத்தைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு சூளையில் அடுக்குகிறார்கள். சுட்டு வந்த பொம்மைக்குக் கண்ணும் புருவமும் உதடும் எழுதுவது கடைசி வேலை. அந்தக் கடைசி வேலையில்தான் பொம்மை முகம் பெறுகிறது. அதைப் பெரும்பாலும் எழுதுவது ஒரு பெண்ணின் கை. எரேமியா குயவனுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்த காட்சியைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. சக்கரத்தில் இருந்தவனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். மண்ணை மிதித்துப் பிசைந்தவர், காயவைத்தவர், சுமந்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கை தொழிற்கூடத்தில் வேலை செய்தால், குறைவோ நிறைவோ, அதற்குக் கூலி என்று ஒன்று உண்டு. அதே கை அதே பொம்மைக்கு வீட்டில் வர்ணம் தீட்டினால் கூலி காணாமற் போய்விடுகிறது. வாங்கிய விலை, வர்ணத்தின் விலை, அட்டைப் பெட்டி, கூரியர் செலவு ஆகியவற்றைக் கூட்டி அதன்மேல் சிறிது வைத்து விற்கிறாள். வழியில் உடைந்துபோனால் பொம்மையின் விலையும் அனுப்பிய செலவும் அவள் தலையில் விழுகின்றன. இரவு பதினொரு மணிக்கு “இதுக்கு விலை என்ன?” என்று கேட்கிற முப்பது பேருக்குப் பதில் எழுதுகிறாள், வாங்குகிறவர் இருவர். அந்நேரம் மாமியார் எட்டிப் பார்த்து, எப்போதும் போனும் கையுமாக இருக்கிறாள் என்கிறார். கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசுகிற ஆணை நாம் ‘வியாபாரத்தில் இருக்கிறார்’ என்போம். அவளை ‘போனில் இருக்கிறாள்’ என்போம்.

பலகாரத்துக்கு ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ முறுக்குக்கு மாவு, எண்ணெய், எரிவாயு, உறை எல்லாம் சேர்ந்து 210 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 260 ரூபாய்க்கு விற்று, ஐம்பது ரூபாய் லாபம் என்கிறாள். மாவு பிசைந்து, பிழிந்து, சுட்டு, ஆறவைத்துக் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம். அப்படியானால் மணிக்கு இருபத்தைந்து ரூபாய். எட்டு மணி நேரம் நெருப்பருகே நின்றால் இருநூறு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஏரி தூர்வாரப் போனால் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்கு உழைக்கிறவளிடம் போய், “நம்ம சபை ஆள்தானே, சிஸ்டர், இருபது ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்” என்கிறோம். அந்த இருபது ரூபாய் எங்கிருந்து குறையும்? எண்ணெய்க் கடைக்காரர் குறைப்பாரா? அவளுடைய கூலியிலிருந்து மட்டுமே அது குறைய முடியும்.

இதை எழுதும்போது அறுப்பின் பண்டிகை ஏலம் என் நினைவுக்கு வருகிறது. ஒரு தேங்காயை ஐந்நூறு ரூபாய்க்கும், ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கும் போட்டி போட்டு எடுக்கிறோம். ஒலிபெருக்கியில் நம் பெயர் சொல்லப்படுகிறது, கைதட்டல் எழுகிறது. கர்த்தருக்குக் கொடுக்கிறோம் என்கிறோம். அது நல்லதே, நான் தடுக்கவில்லை. ஆனால் ஆலயத்தில் தேங்காய்க்கு ஐந்நூறு கொடுத்தவர், அன்று மாலையே ஒரு விதவையின் வீட்டு வாசலில் நின்று அதிரசத்துக்குப் பேரம் பேசுவாரானால், காலையில் அவர் எதை வாங்கினார் என்று நான் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கூலிக்காரனுடைய கூலியை இரவு முழுதும் வைத்திருக்கலாகாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். இந்த வசனங்களை நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும் உரியவை என்று ஒதுக்கிவிட்டோம். தீபாவளிக்கு வாங்கிய பலகாரத்துக்குத் தை மாதம் பணம் கொடுக்கிறவரும் முதலாளிதான்.

இந்த ‘ஓய்வு நேரம்’ நம் ஊரில் பிறந்த பொய் அன்று. ஆந்திராவில் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனெரிமார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் காலப்போக்கில் அது பெரும் ஏற்றுமதித் தொழிலாகியபோது வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் ஆண்களாக இருந்தார்கள். பின்னியவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் எழுதினார். நாள்தோறும் மணிக்கணக்காகப் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பிய அப்பெண்களை, வியாபாரிகளும் அரசும் ‘ஓய்வு நேரத்தில் பின்னுகிற இல்லத்தரசிகள்’ என்றே வைத்திருந்ததை அவர் கண்டார். தொழிலாளி என்றால் கூலி கேட்பாள். இல்லத்தரசி என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். ஒரு பெயரினாலே ஒரு தொழில் முழுவதையும் மலிவாக்கிவிட்டார்கள். மிஷனெரிமார் விதைத்ததன் நடுவே இப்படிக் களை வளர்ந்ததைத் திருச்சபையார் நாம் அறிந்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் நம் சரித்திரத்திலேயே உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களின் தொடக்கத்தில் தம் பள்ளியில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது திருவிதாங்கூரில் மனிதரை விலைக்கு விற்ற காலம். அங்கே அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை 1855-இல்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளில் அடிமை வீட்டில் பிறந்தவர்கள் இருந்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கியவர்களும் உண்டு. மால்ட்டின் மகள் எலைசா, பேராயர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அதே கைத்தொழிலை அங்குள்ள பெண்களுக்கும் கொண்டுபோனார். நரசாபூரிலும் லேஸ்தான், நாகர்கோவிலிலும் லேஸ்தான். பின்னியதன் பலன் பின்னியவள் கைக்கு வந்தபோது ஓர் அடிமை விடுதலையானாள். வராதபோது இல்லத்தரசி அடிமையானாள்.

இவ்விடத்தில் சில மூப்பர்கள் வேதபுத்தகத்தைத் திறப்பார்கள். இளம்பெண்கள் வீட்டைவிட்டு அகலாமல் அதைப் பேண வேண்டும் என்று பவுல் தீத்துவுக்கு எழுதவில்லையா? எழுதினார். ஆனால் அவ்விடத்தில் பழமையான கிரேக்கப் பிரதிகளில் காணப்படும் சொல்லின் பொருள் ‘வீட்டில் வேலை செய்கிறவர்கள்’ என்பதே. வீட்டில் அடைந்திருப்பது என்னும் பொருள், ஓர் எழுத்து வேறுபட்ட பிற்காலப் பிரதிகளைத் தழுவி நம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. சரி, எழுத்தை விட்டுவிடுவோம். அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில் தங்கியது யாருடைய வீட்டில்? தியத்தீரா ஊராளாகிய லீதியாள், இரத்தாம்பரம் விற்கிறவள். அந்தப் பட்டணத்துச் சபை ஒரு வியாபாரியான பெண்ணின் வீட்டில் பிறந்தது. கொரிந்துவில் அவர் கூடாரம் பண்ணியது ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு. அவர்களுக்கு வீடே தொழிற்கூடம்.

இன்னும் சிலர் மார்த்தாளையும் மரியாளையும் கொண்டுவந்து, உலகக் கவலையில் அலைகிறாள் என்று உழைக்கிற தாயைக் கடிந்துகொள்வார்கள். மார்த்தாளும் ஆண்டவருடைய பாதத்தருகே உட்கார வேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர், அவள் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொள்ளட்டும். லாசரு எங்கே போயிருந்தான் என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு.

அணையாத விளக்கைக் கொண்ட அந்த ஸ்திரீக்கே திரும்புவோம். இருபத்திரண்டு வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்த கவிதை இது. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்ததாகத் தொடங்கும் அதிகாரத்தில் வருகிறது. ஆகவே ஒரு தாய் தன் மகனுக்கு, அதாவது ஓர் ஆணுக்குச் சொன்னது. நாமோ அதைத் தலைகீழாக்கி, பெண்கள் செய்ய வேண்டிய வேலைப் பட்டியலாக்கிவிட்டோம். அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பதைப் பதினைந்தாம் வசனம் சொல்கிறது. அதைச் சொல்லிப் பிரசங்கிக்க நான் கேட்டதில்லை. அவள் ஒரு வயலைப் பார்த்து, தீர விசாரித்து, வாங்குகிறாள்; கணவனிடம் கையொப்பத்துக்குக் காத்திருந்ததாக எழுதப்படவில்லை. தன் வருமானத்தைக் கொண்டு திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். நெய்த வஸ்திரத்தை வியாபாரியிடம் விற்கிறாள். கடைசி வசனம் என்ன சொல்கிறது என்று உங்கள் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ரோஜாவைக் குறித்து அங்கே ஒன்றும் இல்லை.

கொடுக்கிறோமா? அவள் சம்பாதித்த பணம் யாருடைய ஜி-பே எண்ணுக்கு வருகிறது? பல வீடுகளில் கணவனுடைய எண்ணுக்கு. தொழிலுக்கென வாங்கிய குழுக் கடன் அவள் பெயரில்; அதில் வாங்கிய வண்டி அவன் பெயரில். வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் வாசலில் உரத்துப் பேசும்போது முன்னே நிற்பவள் அவள். கடன் வசூலில் மிரட்டலையும் வலுக்கட்டாயத்தையும் தடுக்க 2025-இல் நம் மாநிலம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கென மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, 2023 செப்டம்பரில், அரசு அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. உதவி என்று சொல்லவில்லை. அந்தப் பெயரிலுள்ள நியாயத்தைத் திருச்சபை அரசுக்கு முன்னே கண்டிருக்க வேண்டும்.

இனி இந்தப் பொய்யின் மிகக் கொடிய முகம். “ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்” என்று கைபேசியில் வரும் விளம்பரத்தைப் பாருங்கள். நாம் வீட்டில் சொல்கிற அதே வார்த்தை! வீடியோவுக்கு விருப்பக் குறி இட்டால் பணம் என்பார்கள். முதல் நாள் நூறு ரூபாய் உண்மையாகவே வரும். பிறகு முன்பணம் கட்டச் சொல்வார்கள். அதை மீட்க இன்னும் கட்டச் சொல்வார்கள். தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும். புத்தியுள்ள பெண்கள் ஏன் இதில் விழுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டு மணி நேரம் நெருப்பருகே நின்றதற்கு ஐம்பது ரூபாயும், அதிலும் இருபது ரூபாய்ப் பேரமும் கொடுத்த நாம்தான் அவளை அங்கே தள்ளினோம். உழைப்புக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொண்டவள், உழைக்காமல் வருவதை நம்பத் தொடங்குகிறாள். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்திருக்க வேண்டாம்; 1930 என்னும் எண்ணுக்கு உடனே, அந்த மணி நேரத்துக்குள்ளேயே அழையுங்கள்; தாமதமானால் பணம் கை மாறிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்றை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். ஆளைச் சேர்த்தால் பணம், அவர் இன்னொருவரைச் சேர்த்தால் மேலும் பணம் என்னும் திட்டங்களை நம் ஜெபக் குழுக்களுக்குள் கொண்டுவருகிற சகோதர சகோதரிகளே, அத்தகைய பிரமிடுத் திட்டங்களை நேரடி விற்பனை குறித்த 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் தடை செய்திருக்கின்றன. சாட்சி என்று சொல்லி மேடையேறி இவற்றை விற்பதை இச்சபையில் அனுமதிக்க முடியாது. நேர்மையாகப் பொம்மைக்குக் கண் எழுதுகிறவளின் வாடிக்கையாளரை நீங்கள் பறிக்கிறீர்கள்.

எலிசாவிடம் வந்து கதறிய விதவையை நினைத்துப்பாருங்கள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகொள்ள வந்துவிட்டான். தீர்க்கதரிசி அவளிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அதற்குப் பின் நடந்ததை அற்புதம் என்று மட்டும் பார்க்கிறோம். அயலகத்தார் வெறும் பாத்திரங்களை இரவல் கொடுத்தார்கள். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள், அவள் வார்த்தாள். எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மிச்சத்தில் பிள்ளைகளோடு பிழைத்தாள். ‘ஓய்வு நேரத்தில் வாரு’ என்று எலிசா சொல்லவில்லை. கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார். வேலை நடக்கிற நேரத்தில் யாரும் வந்து, மோர் இருக்கிறதா, சட்டை எங்கே என்று கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வேத பண்டிதர்கள் என்னை மன்னிப்பார்களாக.

ஆகவே வீடுதோறும் அவளுக்கு ஒரு மணிக் கணக்கு வேண்டும்: இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை அம்மா வேலையில் இருக்கிறாள், கதவு பூட்டியிருக்கும் என்று. அந்நேரத்தில் அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் கணவனுடையதும் வளர்ந்த மகனுடையதும். வங்கிக் கணக்கும் கைபேசி எண்ணும் அவளுடையதாக இருக்கட்டும். தாய்மாரே, நீங்களும் விலை சொல்லும்போது உங்கள் மணி நேரத்தை முதலில் எழுதி, எண்ணெயின் விலையை இரண்டாவதாக எழுதுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. செய்யத் தெரியாதவர்கள் ஆதாருடன் வந்தால் நம் வாலிபர் சங்கத்தார் செய்து தருவார்கள். பெண்கள் சங்கத்தின் சார்பில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விலைப்பட்டியல் வெளியிடப்படும். அதில் உள்ள விலையே விலை, பேரம் இல்லை.

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு நம் சகோதரிகளிடம் பலகாரமும் துணியும் பொம்மையும் வாங்கி இன்னும் பணம் கொடுக்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை நான் கேட்கவில்லை. அந்தச் சகோதரிகளும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வருமுன் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஆயர்